மூன்று புள்ளி குத்திய மீற்றர்க் கோல்

1

குருநகருக்கு நான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் ஏழு கிழமை கழித்து என்னிடமே திரும்பி வந்தது. நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் தபால் கந்தோர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மருந்துக்கடையின் பின்மூலையில், இருமல் மருந்துக்கும் வயதானவர்கள் ஊன்றி நடக்கிற தடிகளுக்கும் நடுவில் ஒரு மேசை. அதுதான் தபால் கந்தோர். அங்கே நிற்கிற பெண் உறையைத் திருப்பிப் பார்த்து, இலங்கையில் ஒட்டிவிட்ட துண்டை விரலால் தட்டிக் காட்டி ஒரு சொல் சொன்னாள். அது எனக்கு விளங்கியது. விளங்கினாலும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். பிறகு என் மகன் வசந்தனை முன்னால் தள்ளினேன்.

"விலாசம் பிழையோ எண்டு கேள்."

"விலாசம் சரியாம் அப்பா. ஆளும் அங்கைதானாம். வாங்கமாட்டன் எண்டு திருப்பிவிட்டிருக்கினம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"அதிலை எழுதிக் கிடக்கு. ஆருக்கு அனுப்பினனீங்கள்?"

நான் பதில் சொல்லமுதல் அவனுடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள். அவளோடு இங்கிலிஷில் சிரித்துக் கதைத்துக்கொண்டே காரை எடுத்தான். எங்கள் வீட்டில் தமிழ் என்பது என்னோடு கதைக்கும்போது மட்டும் எடுத்துப் போடுகிற சட்டை மாதிரி. வீடு போய்ச் சேரும்வரை அவன் கேட்ட கேள்வியை அவனே மறந்துபோனான். நல்லதுதான்.

ஊரில் இதை வாசிக்கிற இளையவர்களுக்கு என்னைத் தெரிந்திராது. தகப்பன்மாரைக் கேளுங்கள். புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட 'பம்ப் மயில்வாகனம்' என்றால் வெங்காயம் செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல நான் ஒருநாளும் கூசியதில்லை. இறைக்கிற மிசின் நின்றுபோனால், பட்டதாரி என்றும் படியாதவன் என்றும் பாராமல் எல்லாரும் என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். இந்த நாட்டுக்கு வந்தும் ஒருவனிடம் கைகட்டி நிற்காமல் சொந்தமாகக் கராஜ் வைத்தேன். என் கையில் பிழை கண்ட மனிதன் இல்லை என்று சொல்லித்தான் வாழ்ந்தேன்.

பிழை கண்டது ஒரு பெண். கடிதத்தை வாங்கமாட்டேன் என்று திருப்பிவிட்டதும் அவர்தான்.

2

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டாக இருக்கவேண்டும். அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடை. பற்றரி வராது, பெற்றோல் வராது, கம்பி வராது, சவர்க்காரம்கூட நினைத்த நேரம் கிடையாது. மற்றவர்களுக்கு அது கெட்ட காலம். எனக்கு, உண்மையைச் சொன்னால், அதைவிட நல்ல காலம் வந்ததில்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்கவைத்தேன். இல்லாத சாமானை இருக்கிற சாமானால் செய்கிறவன்தான் அப்போது ராசா.

அந்த நாளில் ஒரு பின்னேரம் ஜெயசிங்கம் மாஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே பௌதிகவியல் படிப்பித்து, பிறகு விஞ்ஞான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆலோசகராக வந்தவர். நறுக்காகக் கதைப்பார்.

"மயிலண்ணை, எங்கடை வாத்திமார் ஊசலைப் பற்றி நாப்பது நிமிசம் மூச்சு விடாமல் கதைப்பினம். ஒரு கல்லை நூலிலை கட்டித் தொங்கவிட்டுப் பாத்தவை ஒருத்தரும் இல்லை."

"ஏன் மாஸ்டர், கல்லுக்கும் தடையோ?"

அவர் சிரித்தார். பிறகு திட்டத்தைச் சொன்னார். சனிக்கிழமைகளில் புத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்துநான்கு ஆசிரியர்களுக்குச் செயலமர்வு. முதலில் ஆசிரியர்களே கையால் செய்து பார்க்கவேண்டும். பிறகு அதே மாதிரி வகுப்பில் பிள்ளைகளைச் செய்யவைக்கவேண்டும்.

"பிள்ளை தானே அளக்கவேணும். பிழைச்சால் ஏன் பிழைச்சது எண்டு தானே தேடவேணும். வாத்தியார் விடையை முந்திச் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் அண்ணை முழுப் பயிற்சியும்."

சாமான் முழுக்க என் பொறுப்பு. சைக்கிள் றிம்மை வெட்டி நிமிர்த்தி, சோடாப் போத்தல் குண்டு உருட்டுகிற சரிவு செய்தேன். பால்பேணியில் தராசு செய்தேன். பழைய டைனமோக்களைப் பிரித்து, காந்தமும் சுருளும் தெரிகிற மாதிரிப் பலகையில் பூட்டினேன். கடைசியாக மீற்றர்க் கோல், ஆளுக்கு ஒன்றாக இருபத்துநான்கு. கூரைக்குப் போடுகிற பனஞ்சிலாகையைச் சீவி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு சுட்டேன். நான் செய்கிற எந்தச் சாமானிலும் ஒரு ஓரத்தில் மூன்று புள்ளி குத்துவேன். புள்ளியைக் கண்டால் மயில்வாகனத்தின் கை என்று ஊருக்குத் தெரியும். இருபத்துநான்கு கோலிலும் குத்தினேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் இரும்பு நாடா அங்குல நாடா. அங்குலத்தில் நான் புலி. சென்ரிமீற்றர் எனக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை. ஆகவே என் மனைவி பாக்கியத்தின் தையல் மிசினுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய துணி நாடாவை எடுத்தேன். அதில் ஒரு பக்கம் சென்ரிமீற்றர் இருந்தது. அதைப் பார்த்து முதல் கோலைச் செய்தேன். முதல் கோலைப் பார்த்து மற்றவற்றைச் செய்தேன்.

மாஸ்டர் எனக்கு ஒரு மரியாதையும் தந்தார். ஒவ்வொரு ஆசிரியரின் செய்முறைத் தாளிலும் அடியில் 'உபகரணம் சரி' என்று ஒரு வரி. அதற்கு நேரே கையெழுத்து வைக்கவேண்டியவன் நான். பட்டதாரிகள் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் நிற்பார்கள். நான் கண்ணாடியைப் போட்டு, ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக வைப்பேன். அவசரப்படுத்தினால் இன்னும் ஆறுதலாக வைப்பேன்.

3

முதல் நாளே ஒரு வழுக்கைத்தலை மாஸ்டர் எழும்பிக் கேட்டார்:

"சேர், நோட்ஸ் குடுக்காமல் எப்பிடிப் படிப்பிக்கிறது எண்டதுக்கு ஒரு நோட்ஸ் தருவியளோ?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் கொப்பியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள்.

இரண்டாம் சனிக்கிழமை ஊசல். மீற்றர்க் கோலால் ஒரு மீற்றர் நூலை அளந்து, கல்லைக் கட்டி, யன்னலில் தொங்கவிட்டு, நூறு தரம் ஆட எவ்வளவு நேரம் செல்கிறது என்று கைக்கடிகாரத்தில் பார்க்கவேண்டும். அதிலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணக்கிடவேண்டும். எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லவே ஒரு கிழமை பழக்கம் வேண்டியிருந்தது. விடை ஒன்பது தசம் எட்டு என்று எல்லா ஆசிரியருக்கும் மனப்பாடம்.

அரைமணித்தியாலத்தில் இருபத்துமூன்று தாள் வந்துவிட்டது. எல்லாம் ஒன்பது தசம் எட்டு. வழுக்கைத்தலை மாஸ்டர் கல்லைத் தொடவே இல்லை. யன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு, விடையிலிருந்து பின்னால் கணக்குப் போட்டு நேரத்தைக் கண்டுபிடித்து எழுதினார். கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே 'உபகரணம் சரி' என்று கையெழுத்து வைத்தேன். என் கோலில் எல்லாருக்கும் சரியான விடை வருகிறதே என்று மனம் நிறைந்த புளுகம் எனக்கு.

ஒருத்தி மட்டும் யன்னலடியில் நின்றாள். றீற்றா ரீச்சர். இருபத்தைந்து வயது இருக்கும். குருநகர்க் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் கடலோடு போனவர். கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் தாயோடும் இரண்டு தங்கச்சிமாரோடும் புத்தூருக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாத தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பயிற்சியை முடித்தால் மாஸ்டர் அவள் பெயரைக் கல்விக் கந்தோருக்கு அனுப்புவார், நிரந்தர நியமனம் கிடைக்கும். வந்த இருபத்துநான்கு பேரில் அது தேவைப்பட்டது அவள் ஒருத்திக்குத்தான். மற்றவர்கள் ஏற்கெனவே நிரந்தரம்.

அவள் எண்ணிய விதத்தை மறக்கமாட்டேன். கையில் செபமாலை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி. மாலையில் பத்துப் பத்தாக ஐம்பது மணி. இரண்டு சுற்று வந்தால் நூறு. எண்ணிக்கை தவறவே தவறாது. ஐந்து தரம் செய்தாள். அவள் தாளில் இருநூற்று மூன்று, இருநூற்று நான்கு, இருநூற்று நான்கு, இருநூற்று மூன்று, இருநூற்று நான்கு வினாடி. விடை ஒன்பது தசம் ஐந்து.

"ரீச்சர், இது கோயில் இல்லை," என்றார் வழுக்கைத்தலையர். "மாதாவே வந்து எண்ணினாலும் ஒம்பது தசம் எட்டுத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயசிங்கம் மாஸ்டர் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மயிலண்ணை, கோல் சரிதானே?"

அவர் மெதுவாகத்தான் கேட்டார். நான்தான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

"மாஸ்டர், என்ரை கோலிலை பிழை எண்டால் இந்தக் கையை வெட்டுங்கோ. இருவத்திமூண்டு பேருக்குச் சரிவந்த கோல் உவவுக்கு மட்டும் பிழைக்குமோ?" பிறகு அவளைப் பார்த்து, "பிள்ளை, மீன் நிறுக்கிற கைக்கு உது சரிவராது. மீன் துடிச்சாலும் நிறுக்கலாம். ஊசலுக்கு நிதானம் வேணும்," என்றேன்.

நல்ல பகிடி என்று நினைத்தேன். மண்டபம் அதிரச் சிரித்தார்கள். அவள் முகம் கறுத்துப்போயிற்று. தாளை என் முன்னால் நீட்டினாள்.

"ஐயா, கையெழுத்து வையுங்கோ."

'உபகரணம் சரி' என்று அவள் தாளிலும் வைத்தேன், மற்றவர்களுக்கு வைத்ததைவிடப் பெரிதாக.

"சேர், இந்தக் கோலை வீட்டை கொண்டுபோய் இன்னொருக்காச் செய்து பாக்கட்டோ?" என்று அவள் மாஸ்டரிடம் கேட்டாள்.

"கொண்டுபோம்," என்றார் அவர்.

4

இடையில் இந்த நாட்டுக் கதை ஒன்று.

இங்கே வந்து அகதி விசாரணைக்குப் போனபோது நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதல் தரம் சொன்னதற்கும் இரண்டாம் தரம் சொன்னதற்கும் ஒரு மாதம் வித்தியாசம் வந்துவிட்டது. சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி மழைக்குள் நடந்துபோன நாளை நான் கலண்டரில் குறித்துவைத்திருக்கவில்லை. அதிகாரி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, 'உங்கள் வாக்குமூலம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை' என்றார். என்னோடு ஒரே அறையில் இருந்த தொண்டைமானாற்றுப் பொடியன், ஆரோ எழுதிக் கொடுத்த கதையைத் திகதியோடு மனனம் செய்துகொண்டு போனான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவன் பாஸ். நான் பெயில். மேல்முறையீடு, மருத்துவச் சான்று, சமாதான நீதவான் கடிதம், மொழிபெயர்த்த கடிதத்துக்கு இன்னொரு சான்று என்று மூன்று வருடம் விண்ணப்பப் பாரம் நிரப்பினேன்.

"உண்மையைச் சொன்னவனை நம்பாத நாடு!" என்று பாக்கியத்திடம் கத்தினேன்.

அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல், "உங்களுக்கோ உது புதிசு?" என்றாள்.

அப்போதும் எனக்கு றீற்றா ரீச்சரின் நினைவு வரவில்லை. பாக்கியத்துக்கு வந்திருக்கிறது.

5

ஊசல் ஆட்டிய அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை. வசந்தனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மேசையில் என் கோல் ஒன்றும் அவன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பிளாஸ்ரிக் அடிமட்டமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அடிமட்டத்தின் முப்பது, என் கோலில் இருபத்தொன்பதைச் சற்றுத் தாண்டி நின்றது. பிடித்து நேராக்கினேன். திருப்பி வைத்தேன். கோலின் மற்ற நுனியிலிருந்து வைத்தேன். வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். அடிமட்டத்தால் முழுக் கோலையும் அளந்தேன். நூற்று மூன்று. இரண்டு விரல் அகலம் கூட.

துணி நாடா. பன்னிரண்டு வருடம் பாக்கியம் ஊராரின் இடுப்பிலும் நெஞ்சிலும் இழுத்து இழுத்து அளந்த நாடா. இழுபட்டு நீண்டு கிடந்தது. அவள் அதை அறிவாள். ஆராவது அளவை எண்ணில் எழுதி அனுப்பினால் ஒரு விரல் குறைத்துத்தான் வெட்டுவாள். நான் அவளிடம் கேட்கவில்லை. நாடா எடுக்க ஆரும் மனைவியிடம் பாடம் கேட்பார்களோ?

"போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ," என்றாள் பாக்கியம். "என்ரை நாடா பழுது எண்டு சொல்லுங்கோ. பழியை என்னிலை போடுங்கோ."

"நீ விளங்காமல் கதைக்கிறாய். பட்டதாரியள் எல்லாருக்கும் முன்னாலை கையை வெட்டச் சொல்லிப்போட்டு வந்தனான்."

"ஒருத்தரும் வெட்டமாட்டினம். அந்தப் பிள்ளையின்ரை வேலை போகப்போகுதெல்லே?"

"இன்னொருக்காச் செய்து சரியான விடையை எழுதினால் வேலை கிடைக்கும். நான் அதுக்கு வழி செய்யிறன்."

வழி செய்தேன். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய், எண்ணெய் பூசப்போகிறேன் என்று சொல்லிக் கோல்களைக் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் கிடந்ததோடு இருபத்துமூன்று. அடுப்பில் வைத்து எரித்தேன். வசந்தனின் அடிமட்டத்தை வைத்து இருபத்துநான்கு புதுக் கோல் செய்தேன். கண்ணீர் வருகிற புகைக்குள் இருந்து ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி குத்தினேன். ஆரும் வைத்துப் பார்த்துவிடக்கூடாது என்று அடிமட்டத்தை அலுமாரிக்கு மேலே ஒளித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அது இல்லாமல் பள்ளிக்கூடம் போனதற்கு வசந்தன் உள்ளங்கையில் அடி வாங்கிக்கொண்டு வந்தான். கையைக் காட்டினான். "சாமானைக் கவனமா வைக்கத் தெரியாதவனுக்கு உது காணாது," என்றேன்.

சனிக்கிழமை வந்தது. றீற்றா ரீச்சர் துணியால் சுற்றிய நீட்டுச் சாமான் ஒன்றோடு வந்து, அதைச் சுவரோடு சாத்திவைத்தாள். மாஸ்டர் புதுக் கோல் ஒன்றைக் கொடுத்து, "எல்லாருக்கும் முன்னாலை ஒருக்காச் செய்து காட்டும்," என்றார். நூலை அளந்தாள், கட்டினாள், செபமாலையை எடுத்தாள். இரண்டு சுற்று. இருநூற்றொரு வினாடி. ஒன்பது தசம் எட்டு.

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைவிடக் காறித் துப்பியிருக்கலாம்.

"பாத்தியளோ ரீச்சர்," என்றார் வழுக்கைத்தலையர், "வீட்டிலை பழகினால் வரும்."

அவள் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரோரம் போய்த் துணியை அவிழ்த்து, பழைய கோலை எடுத்து, மேசையில் புதுக் கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடியை அடியோடு சேர்த்தாள். தலைமாட்டில் இரண்டு விரல் வித்தியாசம். நெற்றிக்கண் தேவையில்லை; சும்மா கண் போதும்.

"சேர், கோல் மாறியிருக்கு. போன கிழமை நான் அளந்தது இதாலை. இதாலை அளந்தால் ஒம்பது தசம் அஞ்சுதான் வரும். எல்லாருக்கும் அதுதான் வந்திருக்கவேணும்."

இருபத்துமூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. கடைசி வசனம் அவர்களின் கழுத்தில் வைத்த கத்தி. ஒருவரும் மேசைக்குக் கிட்ட வரவில்லை.

மாஸ்டர் கேட்டார்: "மயிலண்ணை, இது உங்கடைதானே?"

கோலின் நுனியில் மூன்று புள்ளி. அதைக் குத்திய உளி என் இடுப்பில் இருந்தது.

"என்ரை இல்லை," என்றேன்.

"மூண்டு புள்ளி கிடக்குது ஐயா," என்றாள் அவள்.

"மூண்டு புள்ளி ஆரும் குத்தலாம். தன்ரை பிழையை மறைக்க ஒரு கோல் செய்துகொண்டு வந்து எனக்குக் கள்ளப்பட்டம் கட்டுறா. படிச்ச பொம்பிளை செய்யிற வேலையோ மாஸ்டர் இது?"

மாஸ்டர் கோலைக் கையில் எடுத்தார். புள்ளிகள்மேல் பெருவிரலை வைத்தார். பிறகு கோலை மேசையில் வைத்துவிட்டு, "சரி, நேரம் போகுது," என்றார். "ரீச்சர், போன கிழமைத் தாளிலை 'அளவீட்டில் என் பிழை' எண்டு எழுதி ஒரு கையெழுத்து வையும். பேரை அனுப்பிவிடுறன்."

மூன்று சொல். அவ்வளவுதான் கேட்டார். அதை எழுதியிருந்தால் அடுத்த மாதம் சம்பளம்.

"நான் பிழையா அளக்கேல்லை சேர்."

"விசர்க்கதை கதையாதையும். எழுதும்."

"பிள்ளையளைத் தானே அளக்கவிடு, விடையைச் சொல்லாதை எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள். நான் நாளைக்கு வகுப்பிலை என்னத்தைச் சொல்லுறது?"

மாஸ்டர் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் எழுதவில்லை. பழைய கோலை எடுத்துத் திரும்பத் துணியில் சுற்றினாள். என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்கடை இல்லை எண்டால் நான் இதைக் கொண்டுபோறன் ஐயா."

தலையாட்டினேன். கந்தோருக்கு அவள் பெயர் போகவில்லை.

6

போன வருடம் இங்கே ஒரு விழா வைத்தார்கள். தடைக்காலத்தில் ஊரில் கல்வியைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு மதிப்பளிக்கிறார்களாம். எனக்குப் பொன்னாடை. அவுஸ்திரேலியாவிலிருந்து ஜெயசிங்கம் மாஸ்டர் பிரதம விருந்தினர். கண்காட்சிக்கு அந்த நாள் சாமான்கள் ஏதும் இருந்தால் அனுப்பும்படி ஊருக்கும் அறிவித்திருந்தார்கள்.

மேடையில் மாஸ்டருக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு. நாரி வளைந்து கூனிப்போயிருந்தார், குரல் மட்டும் அதே நறுக்கு. விழா ஒழுங்கமைப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "ஊரிலிருந்து ஒரு பொக்கிசம் வந்திருக்கிறது" என்று சொல்லி, துணியால் சுற்றிய நீட்டுச் சாமானை அவிழ்த்தார்.

சிலாகை கறுத்து மினுங்கிக்கொண்டிருந்தது. கிட்ட வரமுதலே எனக்குத் தெரிந்தது. நான் செய்ததில் மிஞ்சியிருக்கிற பழைய கோல் அது ஒன்றுதான்.

"ஐயா, மூன்று புள்ளி இருக்கிறது. இது உங்கடைதானே?"

அதே கேள்வி. சொல் பிசகாமல் அதே கேள்வி. முன்வரிசையில் வசந்தன் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பேத்தி தன்னுடைய தொலைபேசியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன். "என்ரைதான்."

சனம் எழும்பி நின்று கைதட்டியது. புத்தூரில் அந்தச் சனிக்கிழமை இதே சொல்லைச் சொல்லியிருந்தால் ஒரு குடும்பத்துக்குச் சோறு. சொல்லவில்லை. இப்போது சொன்னதற்கு எனக்குப் பொன்னாடை.

கைதட்டல் அடங்கமுதல் மாஸ்டர் என் காதடியில் குனிந்தார்.

"புள்ளியை நான் அண்டைக்கே பாத்தனான் அண்ணை."

"அப்ப ஏன் பேசாமல் விட்டனீங்கள்?"

"கோல் பிழை எண்டு ஒத்துக்கொண்டால், இருவத்திமூண்டு பேரும் அளக்காமல் எழுதினது எண்டு ஒத்துக்கொள்ளவேணும். நான் படிப்பிச்ச ஆக்கள். பயிற்சியையே மூடியிருப்பாங்கள். ஒருத்தியை விடுறது லேசு."

முப்பது வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த இரகசியம், பூட்டே இல்லாமல் கிடந்திருக்கிறது. எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். இந்த மனிதன் அன்றைக்கு ஒரு சொல் அதட்டியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தேன். அதுவும் பொய். ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

விழா முடிந்து கார் தரிப்பிடத்தில் ஒழுங்கமைப்பாளர் ஒரு உறையைத் தந்தார். "கோலோடை இதையும் அனுப்பியிருந்தவ. கோலுக்குப் பக்கத்திலை வைக்கச் சொன்னவ. விழா நேரத்திலை ஏன் எண்டு விட்டிட்டம். குறை நினையாதேங்கோ ஐயா."

உள்ளே அந்தத் தாள். பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, ஐந்து அளவீடும் ஒன்பது தசம் ஐந்தும். அடியில் 'உபகரணம் சரி'. அதற்கு நேரே, மற்றவர்களுக்கு வைத்ததைவிடப் பெரிதாக, என் கையெழுத்து. வேறு ஒரு எழுத்தும் இல்லை.

"இவ இப்ப என்ன செய்யிறா?" என்று கேட்டேன்.

"குருநகரிலை கடற்றொழிலாளர் சங்கத்திலை கனகாலம் இருந்தவவாம்."

"என்ன வேலை?"

"மீன் நிறுத்து எழுதிற வேலை."

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் கடைக்குப் போன நேரம், நிலக்கீழ் அறையில், விழாக்காரர் என்னிடமே தந்துவிட்ட அந்தக் கோலால் நூலை அளந்து கட்டினேன். கல்லுக்குப் பதில் ஒரு இரும்பு நட்டு. முன்பு றீற்றா ரீச்சர் ஆட்டினதைப் பார்த்திருக்கிறேன். நானாக ஆட்டியது அதுதான் முதல் தரம். செபமாலை என்னிடம் இல்லை. தீக்குச்சி நூறு எண்ணி வைத்து, ஒரு ஆட்டத்துக்கு ஒன்றாக நகர்த்தினேன். இருநூற்று நான்கு வினாடி. இன்னொரு தரம். இருநூற்று மூன்று.

அந்தத் தாளை எடுத்து, 'உபகரணம் சரி' என்பதில் 'சரி'யை வெட்டி, 'பிழை' என்று எழுதி, திரும்பக் கையெழுத்து வைத்தேன். இம்முறை எழுத்துச் சின்னதாகத்தான் வந்தது. மன்னிப்பு என்று ஒன்றும் எழுதவில்லை, எனக்கு அப்படி எழுதிப் பழக்கம் இல்லை. அவர் அனுப்பிய உறையில் இருந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் முழுப்பெயர்.

அந்தப் பெயரைப் பார்த்துத்தான் திருப்பியிருக்கிறார். உறை உடைபடவே இல்லை. நான் என்ன எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிய விருப்பமும் இல்லை. அவர் அளந்தது சரி என்று நான் சொல்லித்தான் அவர் அறியவேண்டும் என்றில்லையே.

பாக்கியம் இருந்திருந்தால், "விடுங்கோ, அந்த மனுசியை நிம்மதியா இருக்கவிடுங்கோ," என்றிருப்பாள். அவள் போய் நான்கு வருடம். எனக்குப் புத்தி சொல்ல இப்போது ஆள் இல்லை.

ஆகவே இதை ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். புத்தூரில் நான் செய்த முதல் இருபத்துநான்கு மீற்றர்க் கோலும் பிழை. இருபத்துமூன்று ஆசிரியர்கள் அளக்கவில்லை. றீற்றா ரீச்சர் அளந்தார். அவர் கொண்டுவந்து மேசையில் வைத்த கோல் என்னுடையது.

அவர் இதை வாசிக்க விரும்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டார் வாசிப்பார்கள். சங்கத்தில் வாசிப்பார்கள். கோயிலில் ஆரோ ஒருவர் அவரிடம் வந்து கேட்பார். கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம். பத்திரிகையைத் திருப்பி அனுப்ப முடியாது.